எடைக்கு விற்ற ஏடுகள்

நூல் என்பது யாது என வினவினால், தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் எம்முள் விடை கூறத் தயங்குவார் ஒருவரும் இரார். நன்னூற் பாயிரம் எமக்கு மனப்பாடம். நூலுக்கு ஆகாத குற்றம் பத்து, அமைய வேண்டிய அழகு பத்து என விரல் மடக்கி எண்ணிக் காட்டுவோம். ஆனால், எது நூல் அன்று என்னும் வினா எழும்போதுதான் நாம் பெரிதும் அவசரப்படுகின்றோம். அவ்வவசரத்தால் யான் இழைத்த பிழை ஒன்றை முதலிற் கூறி, அதனின்றும் எனக்குத் தோன்றிய கருத்தொன்றை நம் ஆசிரியர், மாணவர், பழைய மாணவர் ஆகியோர் திருமுன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எங்கள் இல்லம் திருவொற்றியூரில் கடலுக்கு அண்மையில் உள்ளது. என் பாட்டனார் சரக்குக் கிடங்கொன்றில் சுமை ஏற்றியும் இறக்கியும் வாழ்ந்தவர், எழுத்தறியாதவர். என் தந்தையார் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கடைசல் பொறியிற் பணிபுரியச் சென்றவர். எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதனுள் துணி இல்லை, பாத்திரம் இல்லை. தந்தையார் சிறு பருவந்தொட்டுச் சேர்த்து வைத்த காமிக்ஸ் எனப்படும் படக்கதை நூல்களே அடுக்கடுக்காய் இருந்தன. அட்டை கிழிந்தவற்றைப் பழுப்பு நிறத் தாளால் ஒட்டியிருந்தார். உப்புக் காற்றினின்றும் காக்க வேப்பிலையும் வசம்பும் இட்டு வைத்திருந்தார்.

2023ஆம் ஆண்டு யான் இக்கல்லூரியிற் சேர்ந்தேன். சேர்ந்த சில திங்களுக்குள் என்னிடம் நூல்கள் மிகுந்தன. தொல்காப்பிய உரைகளுக்கும் சங்க நூற்பதிப்புகளுக்கும் எங்கள் சிறு வீட்டில் இடம் வேண்டியிருந்தது. தகரப் பெட்டியைத் திறந்தேன். "இலக்கியம் பயில்வோன் இல்லத்தில் இக்குப்பைக்கு என்ன வேலை?" என எண்ணினேன். தந்தையார் பணிக்குச் சென்றிருந்த ஒரு பகற்பொழுதில், தெருவில் வந்த பழைய பேப்பர்க்காரரை அழைத்து, அனைத்தையும் தராசில் இட்டு எடைக்கு விற்றேன். மாலையில் இல்லம் திரும்பிய தந்தையார், பெட்டி இருந்த இடத்தில் என் நூல்கள் வரிசையாய் நிற்பதைக் கண்டார். சிறிது நேரம் நின்றார். பின்னர், "இடம் போதுமா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். போதும் என்றேன். அவ்வளவே.

விற்றவை எத்தகையன என்பதை யான் அப்போது அறிந்திலேன், இப்போது அறிவேன். சிவகாசியினின்றும் சௌந்திரபாண்டியன் என்பார் 1972ஆம் ஆண்டு சனவரியில் முத்து காமிக்ஸ் என்னும் வெளியீட்டைத் தொடங்கினார். அதன் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி' ஆகும். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், அவர்தம் மைந்தர் விசயன், தமக்கு இருபது வயதும் நிரம்பாத பருவத்தில், லயன் காமிக்ஸைத் தொடங்கினார். 1984ஆம் ஆண்டு சூலையில் வெளிவந்த அதன் முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்தி' என்பது. அதே ஆண்டில் ராணி காமிக்ஸும் தோன்றியது. முத்து காமிக்ஸ் 2022ஆம் ஆண்டு பொன்விழாக் கண்டது. லயன் காமிக்ஸ் 2024ஆம் ஆண்டு நாற்பது ஆண்டுகளை நிறைவு செய்தது.

ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்களில் ஈரோட்டிற் புத்தகத் திருவிழா நடைபெறுவதை நம்மிற் பலர் அறிவர். அந்நாள்களில் இப்படக்கதை வாசகர் பல ஊர்களினின்றும் அங்கு வந்து கூடுவது நெடுநாள் வழக்கமாய் உள்ளது. நாற்பதாம் ஆண்டுக் கூட்டத்திற்குச் செல்லத் தந்தையார் விரும்பினார். துணைக்கு என்னையும் அழைத்தார். செய்த பிழையைச் சிறிது உணரத் தொடங்கியிருந்தமையால் மறுக்க மனம் வரவில்லை. இருவரும் இரவு வண்டியேறிச் சென்றோம்.

ஆங்கு யான் கண்டது யாது? விளையாட்டுப் பிள்ளைகளின் கூட்டத்தை எதிர்பார்த்துச் சென்றேன். கண்டதோ தலை நரைத்தவர்களின் கூட்டம். அரசு அலுவலர், ஆசிரியர், வணிகர், ஓட்டுநர், விசைத்தறித் தொழிலாளர் எனப் பல திறத்தாரும் ஒரே வரிசையில் அமர்ந்திருந்தனர். என் போன்ற இளைஞர் மிகச் சிலரே. ஒருவரையொருவர் வினவிக்கொண்டது, "தாங்கள் என்ன பணி?" என்பதன்று, "தாங்கள் முதலிற் படித்த கதை எது?" என்பதே. ஒருவர் பின் ஒருவராய்த் தம் நினைவுகளைக் கூறினர்.

பாடப் புத்தகத்தினுள் மறைத்து வைத்துப் படித்து அடியுண்டதை ஒருவர் கூறினார். தமையனார் வாங்கி வந்த முதல் இதழைப் பற்றி ஒருவர் கூறிவந்தார்; அத்தமையனார் இன்று இல்லை என்னுமிடத்தில் அவர் பேச்சு நின்றது. வடசென்னையைச் சேர்ந்த மற்றொருவர், இராயபுரத்தினின்றும் மூர் மார்க்கெட் வரை நடந்து சென்று, பேருந்துக் கட்டணத்தை மிச்சப்படுத்திப் பழைய இதழ் வாங்கியதைக் கூறினார். 1900ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அவ்வங்காடி 1985ஆம் ஆண்டு தீக்கிரையாயிற்று. அதனை வரலாற்று நூலிற் படித்திருக்கின்றேன். ஆனால், "மறுநாட் காலை ஓடிச் சென்று பார்த்தேன், கரிந்த தாள்கள் காற்றிற் பறந்தன" என அவர் கூறியபோதுதான் எரிந்தது ஒரு கட்டடம் மட்டும் அன்று என்பது எனக்கு விளங்கிற்று.

யான் வியந்து நோக்கியது இது: அவர்களுள் ஒருவரேனும் கதையைப் பற்றி நீளப் பேசவில்லை. கதைத்தலைவன் எவனை வென்றான், எங்ஙனம் தப்பினான் என்பன போன்றவை இரண்டொரு சொல்லில் முடிந்தன. இதழை யார் வாங்கித் தந்தார், எவரிடம் இரவல் பெற்றனர், எந்த விளக்கின் கீழ்ப் படித்தனர், யாருக்குப் படித்துக் காட்டினர் என்பவற்றையே மீண்டும் மீண்டும் கூறினர்.

பின்னர், யான் எதிர்பாராத வகையில், என் தந்தையார் எழுந்தார். கூட்டத்திற் பேசியறியாதவர் அவர். அவர் கூறியதன் சுருக்கம் வருமாறு. என் பாட்டனாருக்கு வலக்கையில் மூன்று விரல்கள் இல்லை. பளு தூக்கும் பொறியின் இரும்புக் கயிற்றிற் சிக்கி அவை போயின. அதன் பின் பல நாள் அவர் யாரோடும் பேசாது, அக்கையைத் துண்டினால் மூடிக்கொண்டே அமர்ந்திருந்தார். அக்காலத்தில் என் தந்தையார் ஒரு பழைய 'இரும்புக்கை மாயாவி' இதழை வாங்கி வந்து, திண்ணையிலிருந்து உரக்கப் படித்தார். வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஒருவன், மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, அவ்விரும்புக்கை மட்டும் காற்றில் மிதந்து செல்வதாய் அமைந்தது அக்கதை. பாட்டனார் படத்தை அருகிற் கொண்டுவரச் சொன்னார். அந்தக் கையை நெடுநேரம் பார்த்தார். பின் துண்டை எடுத்துவிட்டுத் தம் கையையும் பார்த்தார். "இன்னொரு முறை படி" என்றார். அன்று முதல் ஒவ்வொரு மாலையும் திண்ணையில் ஏழெட்டுத் தொழிலாளர் கூடுவர். என் தந்தையார் படிப்பார். படத்தைத் திருப்பிக் காட்டுவார். பாட்டனார் மூடாத கையோடு அவர்கள் நடுவே அமர்ந்திருப்பார்.

இதைக் கூறி முடித்ததும், அவ்விதழ் இன்னும் தங்களிடம் உளதோ என ஒருவர் வினவினார். தந்தையார் என் பக்கம் திரும்பவில்லை. "கடலோர வீடு; உப்புக் காற்று. தாள் நிற்கவில்லை" என்றார். யான் தலை குனிந்தேன்.

நண்பர்களே, வழிநெடுக யான் சிந்தித்ததை இனிக் கூறுகின்றேன்.

இரும்புக்கை மாயாவியின் கதை நம் நாட்டிற் பிறந்ததன்று. இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்னும் வார இதழில் 1962ஆம் ஆண்டு தொடங்கியது. எழுதியவர் கென் பல்மர். வரைந்தவர் இசுபானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அவர்கள் வடசென்னையை நினைந்து அதனைப் படைத்திருக்க இயலாது. ஆயினும், அக்கதை வந்து சேர்ந்த நிலம் எத்தகையது? 1856ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை நிலையம் இராயபுரத்தில் திறக்கப்பெற்றது. பின்னர்த் துறைமுகம் வளர்ந்தது. 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் மோட்டார் வண்டித் தொழிற்சாலைகள் எழுந்தன. இங்கு வாழ்வோர் கையை நம்பி வாழ்வோர். அக்கையைப் பொறியின் வாயருகே நாள்தோறும் நீட்டுவோர். இழந்த கை இழிவன்று, அதுவும் ஓர் ஆற்றலாகலாம் என்னும் கற்பனை அவர்க்கு அயலதாகுமோ? மேலும், அக்கதைத்தலைவன் தொடக்கத்தில் தன் ஆற்றலைத் தீய வழியிற் செலுத்திப் பின்னர்த் திருந்தியவன். துன்பம் ஒருவனைத் தீயவனாக்குவதும், அவன் அதனின்றும் மீள்வதும் உயர்ந்த இலக்கியங்கள் பேசும் பொருள்களே அல்லவா?

படக்கதைகளின் மேல் அறிஞர் சிலர் கூறும் குறைகளை யானும் அறிவேன். அவற்றைக் கூறியே யானும் பெட்டியைக் காலி செய்தேன். அவற்றை ஒவ்வொன்றாய் நோக்குவோம்.

முதலாவது, அவை அயல்நாட்டுச் சரக்கு என்பது. உண்மையே. ஆனால் தமிழ் அச்சின் வரலாறே மொழிபெயர்ப்போடு தொடங்கியதன்றோ? 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' போர்த்துக்கேய மொழியினின்றும் ஆக்கப்பட்டது. பிறநாட்டுப் பொருளைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் மொழியே வாழும் மொழி. திண்ணையிற் கூடிய தொழிலாளர்க்கு மாயாவி இலண்டன் மாநகரத்தான் அல்லன். தமிழ் பேசிய ஒருவனே.

இரண்டாவது, அவற்றின் நடை மொழியைக் கெடுக்கும் என்பது. சில இதழ்களில் நடை கரடுமுரடாய் இருப்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எட்டாம் வகுப்போடு நின்ற என் தந்தையார் 'உளவாளி' 'நீர்மூழ்கி' முதலிய சொற்களை எங்குக் கற்றார்? பள்ளி அவரைக் கைவிட்ட பின்னும் தமிழ் எழுத்து அவரைக் கைவிடாமற் காத்தது எது? இன்று அவர் நாளிதழை ஒரு வரி விடாது படிக்கின்றார். யான் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர விரும்பியபோது, உற்றார் அனைவரும் வேறு படிப்பை வற்புறுத்த, "அவன் விரும்பியதைப் படிக்கட்டும்" என்றவரும் அவரே. என் தொல்காப்பியத்திற்கு இடம் தந்தது அந்தத் தகரப் பெட்டி மட்டும் அன்று. அப்பெட்டியால் உருவான மனமும்தான்.

மூன்றாவது, அவை பொழுதுபோக்கு. நாள்பட நிற்கும் தகுதி அற்றவை என்பது. இக்குறைக்கு நம் வரலாறே விடை கூறும். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையரைச் சேலம் இராமசுவாமி முதலியார் 1880ஆம் ஆண்டு சந்தித்து, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என வினவினார். தாம் கற்ற அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் போதுமென அவர் அன்று இருந்திருப்பின் நம் நிலை என்னாகும்? தம் சமயத்திற்குப் புறம்பான அந்நூலை அவர் தேடிக் கற்று 1887ஆம் ஆண்டு பதிப்பித்தார். சிந்தாமணியையும் படக்கதையையும் ஒரே தட்டில் வைக்கின்றேன் என எவரும் கருதற்க. தகுதியை ஒப்பிடுவது என் கருத்தன்று. கற்றவர் தாம் அறியாததைத் தகுதியற்றதென்று கொள்ளும் இயல்பையே சுட்டுகின்றேன்.

நமக்கு அண்மையிலேயே வேறொரு சான்று உண்டு. சென்னைப் பூங்கா நகரை அடுத்த குஜிலிக் கடைகளிற் புயலையும் கொலை வழக்கையும் பாடிய சிறு பாட்டுப் புத்தகங்கள் மலிந்த விலைக்கு விற்கப்பட்டன. கற்றோர் அவற்றைத் தீண்டவும் கூசினர். இன்றோ அவை ஆராய்ச்சிக்குரிய பொருளாகிவிட்டன. ஆ. இரா. வேங்கடாசலபதி அவற்றை ஆய்ந்து 'முச்சந்தி இலக்கியம்' என்னும் நூலை 2004ஆம் ஆண்டு வெளியிட்டார். அவை எங்ஙனம் எஞ்சின? கோட்டையூர் ரோஜா முத்தையா போன்றார் காத்தமையால் எஞ்சின. விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த அப்பெரியார், பெருநூல்களோடு துண்டு வெளியீடுகளையும் நாடக விளம்பரங்களையும் திருமண அழைப்புகளையும் சேர்த்துவைத்தார். 1992ஆம் ஆண்டு அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு அவர் சேமிப்பு சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாய் அமைந்தது. பட்டம் பெற்றோர் பலர் வீசியெறிந்ததைப் பலகை எழுதிய ஒருவர் காத்தார். என் வீட்டில் நேர்ந்ததோ இதற்கு நேர் மாறு: கடைசல் தொழிலாளி காத்ததைத் தமிழ் மாணவன் எடைக்கு விற்றான்.

ஆதலின், நம் கல்லூரிக்கு மூன்று வேண்டுகோள்களை விடுக்கின்றேன்.

ஒன்று, நம் நூல் நிலையத்தில் தமிழ்ப் படக்கதைகளுக்கென ஓர் அலமாரி ஒதுக்கப்பெறுதல் வேண்டும். பெருஞ்செலவு இதற்கு வேண்டுவதில்லை. முத்து, லயன் வெளியீடுகளிற் பழைய கதைகள் சில மறுபதிப்பாய் வந்துள்ளன. பழைய மாணவர்தம் இல்லங்களில் உறங்கும் கட்டுகளைக் கேட்டால் மனமுவந்து தருவோர் பலர் இருப்பர். குப்பைக்கு அனுப்புமுன் கல்லூரிக்கு அனுப்புமாறு அவர்களை வேண்டுகின்றேன்.

இரண்டு, நம் தமிழ்த் துறையினர், படித்தவர்தம் நினைவுகளையும் எழுத்திற் பதிதல் வேண்டும். நூலைக் காப்பது பாதி வேலையே. அதனை யார், எங்கு, யாருக்குப் படித்துக் காட்டினர் என்பது நூலில் அச்சிடப்படுவதில்லை. அது மனிதர் நெஞ்சில் உள்ளது. ஈரோட்டில் யான் கண்டோரிற் பெரும்பாலோர் ஐம்பதைக் கடந்தவர். சங்க காலத்துப் பாணர் எங்ஙனம் பாடினர், கேட்டோர் எங்ஙனம் கேட்டனர் என்பதை அறிய நாம் எத்துணை முயல்கின்றோம்! நம் கண்முன் திண்ணைகளில் நிகழ்ந்ததைக் கேட்டெழுத ஒரு குறிப்பேடும் ஒரு மாலைப் பொழுதும் போதும். அப்பதிவு புகழுரையாய் இருத்தலும் ஆகாது. அப்பா வாங்கித் தந்தார், அண்ணன் இரவல் தந்தான் எனவே பலரும் கூறினர். அக்காலத்துப் பெண்மக்கள் கைக்கு அவ்விதழ்கள் எட்டினவா? எட்டவில்லையெனின் தடுத்தது யாது? லயனின் முதல் இதழே ஒரு பெண்ணைத் தலைவியாகக் கொண்டது என்பதை எண்ணுங்கால் இவ்வினா இன்னும் கூர்மையாகின்றது. அதனையும் கேட்டெழுதுதல் வேண்டும்.

மூன்று, மாணவ நண்பர்காள், இது உங்களுக்கு: இவ்விடுமுறையில் உங்கள் பெற்றோரிடமும் பாட்டன் பாட்டியரிடமும் தாம் முதலில் விரும்பிப் படித்தது எது எனக் கேளுங்கள். பாடநூலை அன்று, விரும்பிப் படித்ததைக் கேளுங்கள். எழுத்தறியாதவராயின், யார் படிக்கக் கேட்டனர் என வினவுங்கள். ஐயாயிரம் பேர் உண்ட பின்னும் மீந்த துணிக்கைகளைச் சேதமாக விடாது பன்னிரண்டு கூடைகளில் நிறைத்ததை நம்மிற் பலர் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்திருக்கின்றோம். அறிவின் விருந்திலும் துணிக்கைகள் உண்டு. அவற்றைக் குனிந்து பொறுக்குதல் கற்றோர்க்கு இழுக்கன்று.

ஈரோட்டினின்றும் திரும்பிய மறுவாரம், பழைய பேப்பர்க்காரரைத் தேடிச் சென்றேன். அவர் என்னை நினைவு வைத்திருந்தார். கட்டைத்தான் அவரால் நினைவுகூர இயலவில்லை. தாள்களெல்லாம் அன்றைக்கே ஆலைக்குச் செல்லும் வண்டியில் ஏறிவிடும் என்றார். பின்னர்ச் சென்னைப் புத்தகக் காட்சியில் 'இரும்புக்கை மாயாவி'யின் மறுபதிப்பொன்றை வாங்கி வந்து தந்தையாரிடம் தந்தேன். நடந்ததை அன்றுதான் என் வாயாற் கூறி மன்னிப்பும் வேண்டினேன். அவர் இதழைப் புரட்டினார். "அச்சு நன்றாயிருக்கிறது" என்றார். பின், மாயாவியின் கை வரும் பக்கத்தில் நின்று, பழைய படியில் அந்த இடத்தில்தான் பாட்டனாரின் வெற்றிலைக் கறை படிந்த பெருவிரற் சுவடு இருந்தது என்று கூறினார்.

கதை கிடைத்துவிட்டது. அந்தச் சுவடு கிடைக்காது. இன்னும் எத்தனையோ இல்லங்களில், எத்தனையோ பெட்டிகளில் இத்தகைய சுவடுகள் உள்ளன. தராசு வருமுன் நாம் அங்குச் செல்வோமாக.